பெயர் கொடுக்காதவர்களின் பட்டியல்

தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் செல் பொறுப்பைச் சுமக்கும் பேராசிரியர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

‘சுமக்கும்’ என்று யோசித்துத்தான் எழுதினேன். வகுப்பு, இன்டர்னல் மார்க், நாக் தர மதிப்பீட்டுக் கோப்புகள், தேர்வு மேற்பார்வை, தேர்தல் வந்தால் பூத் வேலை. இவற்றுக்கு மேல் ஒருநாள் முதல்வர் கூப்பிட்டு, “இதையும் நீங்களே பார்த்துக்குங்க” என்று தலையில் வைத்த வேலை இது. தனி அறை கிடையாது. இருந்தால் உடைந்த பெஞ்சுகளும் அதே அறையில்தான் கிடக்கும். கம்பெனிகளுக்குப் பேசும் போன் செலவு உங்கள் சொந்தக் காசு. உங்களில் பலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். அடுத்த ஆண்டு தன் வேலை உண்டா என்று தெரியாதவர் பிள்ளைகளுக்கு வேலை தேடித் தரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கீழே சில குறைகளைச் சொல்லப்போகிறேன். அதனால் இதை முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது என் பிழைப்பு. வருடத்துக்கு இருபது கல்லூரிகளின் செமினார் ஹாலையாவது பார்த்துவிடுவேன். அதற்கு முன்னால் நானும் ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில் கணிதம் படித்தவன். மதிய ஷிஃப்ட். எங்கள் வீட்டில் பட்டம் என்ற ஒன்றை வாங்கிய முதல் ஆள். மூன்றாம் ஆண்டில், ஒரு மார்ச் மாத மதியம் கல்லூரிக்குள் நுழைகிறேன். ஆடிட்டோரியத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன விசேஷம் என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். ‘இன்று காலை 10 மணிக்கு வளாக நேர்காணல். இறுதியாண்டு மாணவர்கள் தவறாது கலந்துகொள்ளவும்.’ கீழே முதல்வரின் பச்சை மைக் கையெழுத்து. அப்போது மணி ஒன்றே முக்கால். காலை பத்து மணிக்கு நான் ஒரு ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப்புக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

யாரும் என்னை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. நோட்டீஸ் ஒட்டியவருக்கு மதிய ஷிஃப்ட் என்று ஒன்று இருப்பது அன்று காலை நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவர இந்த மாநிலம் செய்திருப்பது கொஞ்சமில்லை. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் 2010 முதல் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் மருத்துவத்திலும் 2021-ல் பொறியியல் உள்ளிட்ட மற்றத் தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. சரி, வெளியே போகும் வாசலில் என்ன இருக்கிறது? அரசு வேலை என்றால் அங்கேயும் ஒதுக்கீடு உண்டு, தமிழ் வழியில் படித்தவருக்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. ஆனால் 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்; முதலில் அறிவித்த இடங்கள் 6,244. மிச்சப் பேர் தனியாரிடம்தான் வந்தாக வேண்டும். தனியார் வாசலில் இந்தப் பிள்ளைகளுக்காக எந்தச் சட்டமும் நிற்கவில்லை. அங்கே நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

டிரைவ் முடிந்ததும் நீங்கள் எனக்குக் காட்டும் தாள் எல்லாக் கல்லூரியிலும் ஒரே மாதிரி இருக்கும். பதிவு செய்தவர்கள் இத்தனை, எழுத்துத் தேர்வு தேறியவர்கள் இத்தனை, செலக்ட் ஆனவர்கள் இத்தனை. போன வருடம் ஒரு கல்லூரியில் சும்மா கேட்டு வைத்தேன்.

“இறுதியாண்டில் மொத்தம் எத்தனை பேர் சார்?”

“ரெண்டு ஷிஃப்ட்டும் சேர்த்து அறுநூறு இருக்கும்.”

“பெயர் கொடுத்தது?”

“நூத்தி நாப்பது.”

“மிச்சப் பேர்?”

“இன்ட்ரஸ்ட் இல்ல சார். நாமளும் சொல்லிப் பார்த்தாச்சு.”

சொன்னவர் நல்ல மனிதர். மாணவர்களுக்குத் தன் காசில் பஸ் பிடித்துக் கொடுப்பவர். ஆனாலும் அந்த ‘இன்ட்ரஸ்ட் இல்ல’ எனக்குச் செரிக்கவில்லை. அன்று மாலை ரயிலுக்கு நேரம் இருந்தது. கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, பெயர் கொடுக்காத ஏழெட்டுப் பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 58 விழுக்காடு. நோட்டீஸில் 60 என்று போட்டிருந்தது. இன்னொருவனுக்கு ஒரு அரியர். ஒருவன் கூகுள் ஃபார்மைத் திறந்திருக்கிறான், அது மெயில் கேட்டிருக்கிறது. அவனுடைய மெயில் பாஸ்வேர்டு பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் சமயத்தில் அதை உருவாக்கித் தந்த பிரவுசிங் சென்டர் அண்ணனுக்குத்தான் தெரியும். ஒரு பெண்ணின் ஓ.டி.பி. மாமா போனுக்குப் போகிறது, மாமா திருப்பூரில். இன்னொரு பெண், முந்தைய மாதம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறு கல்லூரியில் நடந்த பூல் டிரைவுக்குப் போய்வந்தவள். ரிசல்ட் சொல்ல ஏழு மணியானது. ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் ஆறே முக்காலுக்குப் போய்விட்டது. அதோடு வீட்டில், “இனிமே இந்த இன்டர்வியூ கின்டர்வியூ எல்லாம் வேணாம்” என்று முடித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒருவன். ரொம்ப நேரம் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, “ஷூ போட்டிருந்தது சார்” என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. நோட்டீஸில் ‘ஃபார்மல் டிரஸ், பிளாக் ஷூ கட்டாயம்’ என்று போட்டிருந்திருக்கிறது. போட்டது யார்? என் அலுவலகம். பத்து வருடத்துக்கு முன் யாரோ டைப் செய்த மெயிலை நாங்கள் தேதி மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையனை நான் எடுத்திருப்பேனா என்று தெரியாது. அவன் காலைப் பார்த்திருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம். ஷூ இல்லாமல் வந்திருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. சென்னைக்கு வந்ததும் அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுக்கப் பத்து வினாடி ஆனது.

ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட ஆர்வமில்லை என்று சொல்லவில்லை.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சக ஊழியர்கள் கோபித்துக்கொள்ளட்டும். பத்தில் 60, பன்னிரண்டில் 60, டிகிரியில் 60, ஹிஸ்டரி ஆஃப் அரியர் கூடாது என்று நாங்கள் அனுப்பும் கட்-ஆஃப் பெரும்பாலும் வேலைக்குத் தேவையான தகுதியே இல்லை. கூட்டத்தைக் குறைக்கும் வழி. ஐந்நூறு பேருக்குத் தேர்வு நடத்த எங்களுக்கு ஆள் இல்லை, அதனால் கோடு போடுகிறோம். கோட்டை எங்கே போட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் அதிகாரி என்று தனி ஆள் உட்கார்ந்திருக்கிறார். மெயில் போன அரை மணியில் போன் வரும். “சார், ஸ்டாண்டிங் அரியர் மட்டும் பாருங்க, ஹிஸ்டரி வேணாம். ஒரு இருபது பசங்க மாட்டிக்குவாங்க.” பத்துக்கு ஆறு முறை சரி என்று சொல்லிவிடுவோம். அரசுக் கல்லூரியிலிருந்து அந்த போன் எனக்கு இதுவரை இரண்டு முறைதான் வந்திருக்கிறது. மற்றவர்கள் நாங்கள் அனுப்பியதை அப்படியே அச்செடுத்து ஒட்டிவிடுகிறீர்கள். கம்பெனிக்காரன் வருவதே பெரிது, கேட்டால் அதுவும் போய்விடுமோ என்ற பயம். புரிகிறது. போகமாட்டோம், கேளுங்கள்.

அந்த அரியர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் அல்ஜீப்ராவையோ அக்கவுண்ட்ஸையோ பார்க்கும் பிள்ளை திகைத்துத்தான் போகும். முதலாண்டில் இரண்டு அரியர், மூன்றாமாண்டில் எல்லாம் கிளியர் என்று ஒரு மார்க் ஷீட் வந்தால், அதில் எனக்குத் தெரிவது யாரும் கைபிடித்துத் தூக்காமல் எழுந்து நின்ற ஒரு ஆள். ஆனால் அந்த மார்க் ஷீட் என் மேசைக்கு வருவதே இல்லை. ‘ஹிஸ்டரி’ என்ற ஒரு சொல் அதை உங்கள் நோட்டீஸ் போர்டிலேயே நிறுத்திவிடுகிறது.

ரெஸ்யூம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவர்களின் ரெஸ்யூம் எதுவும் மாணவர்களுடையது இல்லை, பிரவுசிங் சென்டருடையது. ஐம்பது ரூபாய்க்கு ஒரு அச்சு. மேலே ஒரு அப்ஜெக்டிவ், அதில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்லச் சொன்னால் எனக்கே கஷ்டம். பிறகு அப்பா பெயர், மதம், தாய்மொழி. பொழுதுபோக்கு என்றால் பாட்டுக் கேட்பது, கிரிக்கெட். கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு உறுதிமொழி. மேலே எதுவுமே சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒரு பி.காம். பையன் என் முன்னால் உட்கார்ந்து மனப்பாடமாக ஒப்பித்தான். என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லோரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. அன்று காலையில் அதே பலவீனம் உள்ள பதினோராவது ஆள் அவன். சலித்துப்போய் தமிழில் கேட்டேன்: “தம்பி, இன்னிக்குக் காலையில எந்திரிச்சதிலேர்ந்து என்ன பண்ணே, சொல்லு.” அவன் சொன்னது இது. நாலே முக்காலுக்கு எழுந்து ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போயிருக்கிறான். பால் ஊற்றுகிறவர்கள் அறுபத்திரண்டு பேர். ஒவ்வொருவர் பாலுக்கும் அளவும் கொழுப்புச் சத்தும் பதிவேட்டில் ஏற்றுவது அவன் வேலை. செயலாளருக்குக் கண் சரியில்லாததால் இரண்டு வருடமாக அவன்தான் பார்க்கிறான். முந்தின வாரம் பதிவேட்டுக் கணக்கும் பட்டுவாடாத் தொகையும் 340 ரூபாய் இடித்திருக்கிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து தேடி, ஒருவருடைய வரிசையில் 4.3 என்று இருக்க வேண்டியது நாலு நாளும் 4.8 என்று விழுந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். “அவரு வீட்ல போயி எப்படிக் கேக்குறதுன்னுதான் சார் கஷ்டமா இருந்துச்சு. அடுத்த பட்டுவாடால கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுக்கலாம்னு பேசி முடிச்சோம்.”

கணக்குச் சரிபார்ப்பு, பிழை கண்டுபிடித்தல், வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காமல் பேசுதல். நான் எந்த வேலைக்கு ஆள் தேடி வந்தேனோ அந்த வேலையை அவன் ஏற்கெனவே விடியற்காலையில் செய்துகொண்டிருந்தான். ரெஸ்யூமில் அது ஒரு வரிகூட இல்லை. ஏன் போடவில்லை என்றதற்கு, “அதெல்லாம் போடலாமா சார்?” என்றான்.

இதைச் சொல்லித்தர ஆப்டிட்யூட் பயிற்சியாளர் தேவையில்லை. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் படிப்புகளைக் கொண்டுவருகிறது, கொண்டுவரட்டும். ஒரு பிள்ளையை எதிரில் உட்காரவைத்து இருபது நிமிடம், “வீட்ல என்ன பண்றே, லீவுல எங்க வேலைக்குப் போறே” என்று தமிழில் கேட்டு, வருவதை எளிய ஆங்கிலத்தில் எழுத வைப்பது எந்தத் திட்டத்தாலும் ஆகாது. அவர்களை மூன்று வருடம் பார்த்த உங்களால்தான் ஆகும். அதை ஆறாம் செமஸ்டரில் ஆரம்பித்தால் நேரம் போதாது என்பது வேறு விஷயம்.

அடுத்தது பெயர். சிரிக்காதீர்கள், இதில் மாட்டிக்கொண்டவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். 1929-ல் செங்கல்பட்டு மாநாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் இன்று பொதுவாக எதுவும் இல்லை, ஒரு இனிஷியல் மட்டும். அந்த நல்ல காரியத்தின் பலன், கம்பெனிகளின் ஆன்லைன் படிவத்தில் சிவப்பு எழுத்தாக வந்து நிற்கிறது. கடைசிப் பெயர் கட்டாயம். ஒற்றை எழுத்தைப் போட்டால் ஏற்காது. பிள்ளை குழம்பி அப்பா பெயரைப் போடுகிறது. மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. செலக்ட் ஆன பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் மூன்றும் மூன்று ஆள் என்று நிற்கும். இதை முதலாமாண்டிலேயே எல்லோருக்கும் ஒரு மதியம் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். மூன்றாமாண்டில், சேரும் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கி நிற்பது கொடுமை.

பெயரில் சாதி இல்லாவிட்டாலும் முகவரியில் இருக்கும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ரெஸ்யூமில் முழு முகவரி எதற்கு? மாவட்டமும் போன் நம்பரும் போதும், நாங்கள் தபால் அனுப்பி இருபது வருடமாகிறது. பெயரையும் முகவரியையும் பார்த்து ஒதுக்குவார்கள் என்பது வெறும் சந்தேகம் என்று யாராவது சொன்னால், சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறாக வைத்துத் தனியார் விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள் டெல்லிப் பக்கத்து எச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். குடும்பப் பின்னணியைக் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். நாங்களும் கேட்கிறோம். “அப்பா என்ன பண்றாரு?” எங்களுக்கு அது பேச்சை ஆரம்பிக்க ஒரு வாக்கியம். கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் பிள்ளைக்கு அந்த நொடியில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ‘பிசினஸ்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கெல்லாம் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே கவனம் போய்விடுகிறது. உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு அதை நிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள். எங்களிடம், “எங்க கல்லூரியில அந்தக் கேள்வி வேணாம் சார்” என்று சொல்லிப் பாருங்கள். பெண்களிடம் மட்டும் கேட்கும் “கல்யாணம் எப்போ?” என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலக்ட் ஆனதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். மேடையில் ஆஃபர் லெட்டர், முதல்வரோடு போட்டோ. அந்த லெட்டரை வீட்டில் படித்துச் சொல்ல யாரும் இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். 2.4 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் இருபதாயிரம் என்று அம்மா கணக்குப் போட்டு, தங்கச்சி ஃபீசுக்கு ஒதுக்கிவிடுவார். அடிப்படைச் சம்பளம் பத்தாயிரம் என்றால், கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ. எல்லாம் அந்த இருபதாயிரத்துக்குள்ளேயே இருக்கும். பிள்ளையின் பங்கும் பிடித்தால் கைக்கு வருவது 16,400 சொச்சம். சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு போக மிஞ்சுவதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சேர்ந்து நல்லபடியாக வேலை பார்த்த ஒரு பெண் இரண்டாம் மாதமே ஊருக்குப் போய்விட்டாள். ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள். நாங்கள் ஏமாற்றவில்லை, விளக்கவும் இல்லை. பாண்ட், ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி, டெபாசிட் கேட்கும் கம்பெனி, இவற்றையும் நீங்கள்தான் பிள்ளைக்கு முன்னால் படித்துப் பார்க்க வேண்டும்.

தொழிற்பழகுநர் பயிற்சி பற்றி ஒரு வரி. 1961-ன் சட்டம் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு மட்டும் என்று பல துறைத்தலைவர்களே நினைக்கிறார்கள். பி.ஏ., பி.காம். படித்தவர்களையும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எடுத்திருக்கின்றன. 2019-ல் திருத்திய விதிகளில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். தரமணியில் இருக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். டி.சி.எஸ்., விப்ரோ போன்றவை பி.சி.ஏ., பி.எஸ்சி.க்கு என்றே வைத்திருக்கும் தனி வழிகளும் முதலாமாண்டு வகுப்பில் சொல்ல வேண்டிய செய்திதான்.

நேரம் எங்கே என்பீர்கள். உண்மைதான். தனிப் பிளேஸ்மென்ட் அதிகாரி ஒருவரையாவது கல்லூரிக்குக் கல்லூரி போடாமல், 160-க்கும் மேற்பட்ட அரசுக் கல்லூரிகளில் இதை ஆசிரியர்களின் நல்ல மனசை நம்பி நடத்துவது சரியில்லை என்பதை அரசிடம் தனியாக எழுதுகிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த டிரைவுக்கு நான் வரும்போது, பதிவு செய்தவர்கள் பட்டியலோடு இன்னொரு தாளும் வேண்டும். பெயர் கொடுக்காதவர்கள் யார் யார், பக்கத்தில் ஏன். ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று எழுதக் கூடாது. வகுப்புத் தலைவனைக் கேட்டால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காக முந்தின நாளே வந்துவிடுகிறேன். காலை ஷிஃப்ட் விட்டதும் அரை மணி, மதிய ஷிஃப்ட் மணியடிக்கும் முன் அரை மணி. ஆடிட்டோரியம், மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சு போதும். நோட்டீஸை மட்டும் இரண்டு ஷிஃப்ட்டுக்கும் மூன்று நாள் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
மதிய ஷிஃப்ட்டின் பழைய மாணவன் ஒருவன்